பெயரைப் பார்த்து வேலையா? ரயில்வே தரும் பதில்

புதுதில்லி: கல்வித் தகுதி ஒன்றே; பெயர் மட்டும் வேறு. இந்த வேறுபாட்டுக்குத் தனியார் நிறுவனங்கள் என்ன விலை வைக்கின்றன என்பதை அறிய, நாளிதழ்களில் வெளியான 548 வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. சம தகுதி உடையவர்களுக்குள், உயர் ஜாதிப் பெயரோடு ஒப்பிடுகையில் நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது.

இதற்கு ஓராண்டு முன்புதான், தனியார் துறையில் கட்டாய இடஒதுக்கீடு கூடாது, திறமை பாதிக்கப்படும் என்று தொழில் துறை வாதாடியது. ஜே.ஜே. இரானி தலைமையிலான தொழில் துறைப் பணிக்குழு, சட்டத்துக்குப் பதிலாகத் தாமாக முன்வந்து பின்பற்றும் நடத்தை நெறிகளைப் பரிந்துரைத்தது.

திறமை பாதிக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? அதற்கான பதில் தலைநகரின் ரயில் பவனிலேயே இருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் என இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ள ரயில்வே, நாட்டின் மிகப்பெரிய வேலையளிப்போரில் ஒன்று. அதன் 1980 முதல் 2002 வரையிலான புள்ளிவிவரங்களைப் பொருளியல் அறிஞர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் ஆராய்ந்தனர். இப்பிரிவினரின் பங்கு உயர்ந்ததால் உற்பத்தித்திறன் குறைந்ததாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. மாறாக, 'ஏ', 'பி' பிரிவு உயர் பதவிகளில் அவர்களது பங்கு கூடுதலாக இருந்த இடங்களில் உற்பத்தித்திறனும் கூடுதலாக இருந்ததை அவர்களது கணக்கீடுகள் சில காட்டின. போராடி மேலே வந்தவர்களின் முனைப்பும், பல பின்னணியினர் சேர்ந்து முடிவெடுப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

தனியார் துறையின் உச்சியிலோ நிலைமை நேர்மாறு. 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை அலசி 2012-ல் வெளியான ஆய்வில், உறுப்பினர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் முற்பட்ட ஜாதியினர் எனத் தெரியவந்தது. பலதரப்பட்ட மக்களிடம் பொருளை விற்கும் நிறுவனங்கள், முடிவெடுக்கும் மேஜையில் அம்மக்களுக்கு இடம் தரவில்லை. இது சமூக அநீதி மட்டுமல்ல. திறமையை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வியாபார நஷ்டமும்கூட.

பெண்கள் விஷயத்தில் சட்டம் தலையிட்டது. குறிப்பிட்ட வகை நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான 'செபி', முன்னணி 1,000 நிறுவனங்களிடம் பெண் ஊழியர்கள், மாற்றுத் திறனாளிகள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்கிறது. தலித்துகளும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

இடஒதுக்கீடு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் தொடரட்டும். தாமாகவே செய்கிறோம் என்று 2006-ல் சொன்னவர்கள், எவ்வளவு செய்தோம் என்ற கணக்கையாவது வெளியிட வேண்டாமா?