கணைய நொதி மருந்தை உட்கொள்ளும் முறை

நாட்பட்ட கணைய அழற்சி கேரளத்தில் இளம் வயதினரிடையேயும் காணப்படும் நோயாகும். கணையம் மிக நலிந்துவிட்டால், உண்ட கொழுப்புச் செரியாமல் மலத்துடன் கழியும், உடல் மெலியும். இக்குறையை ஈடுசெய்யும் நொதி மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இதனை நோயாளியிடம் மறைத்தல் தகாது. பின்னர் அறிந்து மருந்தையே கைவிடுவோர் உண்டு.

கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் என்னும் நொதி இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும் இயல்பினது. ஆதலின் காப்சூலினுள் உள்ள சிறு மணிகளுக்கு அமிலத்தில் கரையாத மேற்பூச்சு இடப்படுகிறது. சிறுகுடலை அடைந்த பின்னரே அது கரையும். மணிகளை மென்றாலோ பொடித்தாலோ மருந்து வீணாவதோடு வாயும் புண்ணாகும். காப்சூலை விழுங்க இயலாத குழந்தைக்கு மணிகளை ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கச் செய்து, நீர் பருகக் கொடுக்கலாம்.

மருந்து உணவுடன் கலந்தாலன்றிப் பயன் தராது. முதற் கவளங்களுடனேயே உட்கொள்ளல் வேண்டும். பள்ளியில் நண்பகல் உணவு உண்ணும் மாணவனுக்கும் அவ்வேளை மருந்து தேவை. பிறர் காண விழுங்க நாணுவோரை ஆசிரியர் கவனித்தல் நன்று.

அளவை மருத்துவரே வரையறுப்பார். மிகையான அளவு உட்கொண்ட குழந்தைகள் சிலருக்குப் பெருங்குடல் சுருங்கியதாக 1994இல் இங்கிலாந்தில் அறியப்பட்டது. அதன்பின், உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10,000 லைப்பேஸ் அலகு என்பது உச்சவரம்பாகக் கொள்ளப்படுகிறது. வெப்பமும் ஈரமும் நொதியைக் கெடுக்கும். அடுப்பருகில் மருந்துப்புட்டியை வைத்தல் ஆகாது.