தாத்தா மேல தேசியக் கொடி போர்த்தலாமா?

வழக்கமா இங்க கோடிங், இன்டர்வியூ, சம்பளம்னு பேசுவோம். இந்த வாரம் எங்க வீட்டு விஷயம். எங்க தாத்தா பதினேழு வருசம் தரைப்படையில இருந்து நாயக் ரேங்க்ல ஓய்வு பெற்றவர். உச்சிப்புளி பக்கம் எங்க ஊர்ல, எண்பத்தி மூணு வயசுல, தூக்கத்துலயே போயிட்டார்.

அன்னைக்குக் காலையிலயே சித்தப்பா கடைக்குப் போய் ஒரு தேசியக் கொடி வாங்கிட்டு வந்துட்டார். 2015 ஜூலை 30 அன்னைக்கு பேக்கரும்புல கலாம் ஐயாவை அரசு மரியாதையோட அடக்கம் பண்ணினதைப் பார்த்த ஊரு இது. "அவருக்குப் போர்த்தினாங்க. எங்கப்பா பார்டர்ல நின்னவருதானே?" அப்படின்னு அவர் கேட்டதுக்கு எங்க யாருகிட்டயும் பதில் இல்ல. பக்கத்துல ஐஎன்எஸ் பருந்து இருக்கே, அங்க சொல்லிப் பாக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். அது கடற்படை, தாத்தா தரைப்படை!

துக்கத்துக்கு வந்திருந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருத்தர்தான் சித்தப்பா கையைப் பிடிச்சு நிறுத்தினார். அப்புறமா நான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன், அவர் சொன்னது சரிதான். 1971ஆம் வருச தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, அரசு மரியாதை, முப்படை, துணை ராணுவம் இவங்க நடத்துற இறுதிச் சடங்கைத் தவிர வேற எங்கயும் கொடியைப் போர்த்தக் கூடாது. மூணு வருசம் வரைக்கும் சிறைத் தண்டனை இருக்கு. படை மரியாதை நடக்கிற இடத்துலயும் முறை உண்டு. காவி நிறம் தலைப்பக்கம் இருக்கணும். கொடியைக் குழிக்குள்ள இறக்கவோ சிதையில எரிக்கவோ கூடாது.

அப்போ படை மரியாதை யாருக்குத் தானா வரும்? பணியில இருக்கும்போதே இறந்தவருக்கு. நம்ம மாவட்டத்துலயே கடுக்கலூர் ஹவில்தார் பழனி இருக்கார். 2020 ஜூன் 15 அன்னைக்கு கல்வான்ல வீரமரணம். மூணாவது நாள் சொந்த ஊர்ல ராணுவ மரியாதையோட அடக்கம். அடுத்த வருசம் வீர் சக்ரா விருது அறிவிச்சாங்க, நவம்பர்ல குடியரசுத் தலைவர் கையால அவரோட மனைவி வாங்கினாங்க. டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்துல இருக்கிற தியாக் சக்ரா சுவர்கள்ல இப்படிப் போரிலும் ராணுவ நடவடிக்கையிலும் உயிர் கொடுத்தவங்க பேரைத்தான் பொறிக்கிறாங்க. 2019 பிப்ரவரியில திறந்தப்பவே இருபத்தஞ்சாயிரத்துக்கும் மேல பேர்கள். சாயங்காலத்துல அப்படி ஒரு வீரரோட குடும்பத்தையே கூப்பிட்டு மலர்வளையம் வைக்கச் சொல்ற வழக்கமும் அங்க இருக்கு.

அமெரிக்காவுல ஓய்வு பெற்ற வீரர் குடும்பத்துக்கும் கொடியை மடிச்சுக் கொடுப்பாங்க, கல்லறைக் கல்லும் அரசே தரும். சினிமாவுல பார்த்துட்டு நமக்கும் அதுதான்னு நினைச்சுக்கறோம். எங்க வீட்டுக்கு முன்னாள் படைவீரர் சங்கத்துல இருந்து நாலு பேர் மெடல் குத்திட்டு வந்து மலர்வளையம் வச்சு சல்யூட் அடிச்சாங்க. அப்பத்தா அப்பதான் வாய்விட்டு அழுதாங்க.

உண்மையான மரியாதை பேப்பர்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன்.

ஓய்வு பெற்றவர் இறந்தா மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. எங்க அப்பத்தா மாதிரி வயசானவங்க கேஸ்ல, தாத்தாவோட ரேங்க்குக்குக் கணக்குல வர்ற சம்பளத்துல 30 சதவீதம். போர்ல இறந்தவர் மனைவிக்கு அது 100 சதவீதம். ஆனா முதல்ல இறப்பைத் தெரிவிக்கணும், அதுவும் நாமதான். பழைய பென்ஷன் அக்கவுண்டுல ரெண்டு மாசம் பணம் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. செலவுக்குன்னு ஏடிஎம்ல எடுத்துடாதீங்க, பின்னாடி பிடிச்சுக்குவாங்க. நாங்க எடுத்தோம், பிடிச்சாங்க.

அடுத்தது பேர். அப்பத்தாவை ஊர்ல கூப்பிடுற பேருதான் தாத்தா அந்தக் காலத்துல கொடுத்த பேரு. ஆதார்ல வேற பேரு. பென்ஷன் ஆர்டர்ல இருக்கிற மனைவி பேரும் கைல இருக்கிற பேரும் ஒத்துப் போகலன்னா எதுவும் நகராது. என் பாஷையில சொன்னா, பிரைமரி கீ மேட்ச் ஆகல. அதைத் திருத்தப் போக வேண்டிய இடம் அவர் இருந்த ரெஜிமெண்டோட ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்டுன்னா நீலகிரியில வெலிங்டன். நேர்ல ஓட வேண்டாம். ராமநாதபுரத்துல இருக்கிற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், இறப்புச் சான்றிதழ், ஆதார் எடுத்துட்டுப் போனா கடிதம் எழுத உதவுறாங்க. விதவை அடையாள அட்டையும் அங்கதான். எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. தாத்தா உயிரோட இருக்கும்போதே பண்ணியிருந்தா ஒரே ஒரு திருத்த விண்ணப்பம்.

வீட்டுல ஓய்வு பெற்ற படைவீரர் இருந்தா இந்த வாரமே அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கைப் பாருங்க. அம்மாச்சி, அப்பத்தா பேரு எப்படி எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

சித்தப்பா வாங்கின கொடி அலமாரியில இருக்கு. ஆகஸ்ட் 15க்கு வாசல்ல ஏத்துவார். கல்லறைக் கல்லுல தாத்தா பேருக்குக் கீழ அவரோட படை எண்ணைப் பொறிக்கணும்னு சொன்னது அப்பத்தா. அந்த நம்பரை அவங்க மனப்பாடமா சொன்னாங்க.