கடையில் அரிசி, வாசலில் சாவு!

"அம்மா, வடிகஞ்சி ஊற்றுங்கள் தாயே!"

1943-ஆம் ஆண்டு கல்கத்தா நகரத்தின் தெருக்களில், வீட்டுக்கு வீடு இந்தக் குரல் கேட்டது. 'சோறு போடுங்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. சோறு வடித்த பிறகு வீணாகக் கொட்டும் கஞ்சித் தண்ணீரைத்தான் கேட்டார்கள்.

அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல. கிராமத்தில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள், மீன் பிடித்தவர்கள். நெல் விளைவித்த கைகளே கஞ்சிக்கு நீண்டன!

அதே நகரத்தில் அரிசிக் கடைகள் இருந்தன. கடைகளில் அரிசியும் இருந்தது. அந்தக் கடைகளின் எதிரிலேயே ஜனங்கள் பட்டினியால் சுருண்டு விழுந்து செத்தார்கள்.

இதுதான் வங்காளப் பஞ்சம். இதில் மாண்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று அரசாங்கம் அமைத்த விசாரணைக் கமிஷன் சொன்னது. 30 லட்சம் வரை இருக்கும் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

சிகரெட் டின் அரிசி

அப்போது சாந்திநிகேதனில் ஒரு சிறுவன் தாத்தா வீட்டில் தங்கிப் படித்து வந்தான். அவனுக்கு 9 வயது. பசியோடு வாசலுக்கு வருகிறவர்களைக் கண்டு அவன் மனம் கலங்கியது. "ஒரு சிகரெட் டின் நிறைய அரிசி கொடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு டின்தான்" என்று தாத்தா அனுமதி கொடுத்தார். சிறுவன் அப்படியே அளந்து கொடுத்தான்.

அவன் ஒன்றைக் கவனித்தான். அவனுடன் படித்த பிள்ளைகளின் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. உறவினர் வீடுகளிலும் அப்படித்தான். பட்டினி கிடந்தவர்கள் எல்லோரும் நிலமில்லாத ஏழைகளே!

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பொருளாதார மேதையாகி, 1998-இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்.

விளைச்சல் இல்லையா?

'பஞ்சம் என்றால் விளைச்சல் இல்லை என்றுதானே பொருள்?' என்று நீங்கள் கேட்கலாம்.

விளைச்சல் குறைந்தது உண்மைதான். 1942 அக்டோபரில் வீசிய பெரும் புயல் மிட்னாபூர் பகுதியின் வயல்களை அழித்தது. பயிரில் நோயும் விழுந்தது. பர்மாவை ஜப்பான் பிடித்துக்கொண்டதால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றுவிட்டது.

ஆனால் சென் போட்ட கணக்கு என்ன? 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி, அதற்கு முந்திய 5 ஆண்டுகளின் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. 1941-ஆம் ஆண்டைவிட 13 சதவீதம் அதிகம்! அந்த 1941-இல் பஞ்சமே வரவில்லை. இந்தக் கணக்கை ஒப்பாதவர்களும் உண்டு. ஆனால் இருந்த அரிசி ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவர்களும் மறுப்பதில்லை.

அரிசி எங்கே போயிற்று?

அது உலக யுத்த காலம். கல்கத்தாவில் ஆலைகளும் ராணுவ வேலைகளும் பெருகின. நகரத்தில் பணம் புழங்கியது. கையில் காசு உள்ளவர்கள் அதிகம் வாங்கினார்கள். வியாபாரிகள் பதுக்கினார்கள். யுத்தத்துக்கு வேண்டிய ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும் மலிவு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு நடந்தது. கிராமத்து அரிசி நகரத்துக்குப் போயிற்று.

விலை கிடுகிடுவென்று ஏறியது. வங்காள மணங்கு என்பது சுமார் 37 கிலோ. 1942 டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி 13, 14 ரூபாய். 1943 மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 37 ரூபாய்!

கூலிக்காரனின் கூலி அப்படி ஏறவில்லை. முடி திருத்துகிறவருக்கு வேலையே போயிற்று. அரிசிக்கே காசில்லாதபோது யார் முடி வெட்டிக்கொள்வார்கள்? மீனவர் கதி இன்னும் மோசம். ஜப்பானியர் கையில் சிக்கிவிடும் என்று பயந்து, 1942-இல் வெள்ளைக்கார அரசாங்கம் கடலோரப் பகுதிகளில் படகுகளைப் பறித்துக்கொண்டது. படகு போயிற்று, பிழைப்பும் போயிற்று.

1943 ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, தெருவில் கிடந்த பிணங்களின் படங்களை வெளியிட்டது. உலகம் திடுக்கிட்டது. அக்டோபரில் பதவியேற்ற வைசிராய் வேவல் பிரபு கல்கத்தாவுக்கு நேரில் போனார். நிவாரண வேலைக்கு ராணுவத்தை அனுப்பினார். டிசம்பரில் நல்ல அறுவடையும் வந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. மெலிந்து கிடந்தவர்களை மலேரியாவும் காலராவும் அம்மையும் வாரிக்கொண்டு போயின.

மராட்டியம் காட்டிய வழி

இதற்கு நேர்மாறான கதையும் நம் நாட்டிலேயே நடந்தது.

1972-73-இல் மராட்டிய மாநிலத்தில் கடும் வறட்சி. தானிய விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வங்காளத்தில் குறைந்ததைவிட இது பல மடங்கு பெரிய இழப்பு. ஆனாலும் லட்சக்கணக்கில் சாவு நேரவில்லை!

காரணம் என்ன? அரசாங்கம் ஊர் ஊராக வேலை கொடுத்தது. ரோடு போட்டார்கள், குளம் வெட்டினார்கள், வயலுக்கு வரப்பு கட்டினார்கள். 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் இந்த வேலைகளில் இருந்தார்கள். பெண்களும் ஏராளமாக வந்து மண் சுமந்தார்கள். ஜனங்கள் அரை வயிறு உண்ட நாட்கள் உண்டு. ஆனால் கையில் கூலி இருந்தது. காசு இருக்கும் இடத்தைத் தேடி வெளி மாநிலத் தானியம் வந்து சேர்ந்தது.

வங்காளத்தில் அரிசி இருந்தும் ஏழைகள் செத்தார்கள். மராட்டியத்தில் விளைச்சல் போயும் ஏழைகள் பிழைத்தார்கள்.

இன்றும் உலகத்தில் எல்லோருக்கும் போதுமான தானியம் விளைகிறது. ஆனாலும் 2024-ஆம் ஆண்டில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள்.

களஞ்சியம் நிறைந்தால் மட்டும் பசி தீராது. ஏழைக்கு வேலை வேண்டும். வேலைக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலிக்கு எட்டும் விலையில் அரிசி வேண்டும். அன்று சாந்திநிகேதன் சிறுவனால் சிகரெட் டின்னால்தான் அளந்து கொடுக்க முடிந்தது. மரக்கால் வைத்திருக்கும் அரசாங்கங்கள் காலம் கடத்தாமல் அளந்து கொடுக்க வேண்டும்!