வண்ணத்துப்பூச்சிக்கு விருந்து, நம் ஈரலுக்கு நஞ்சு!



தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிற நம் மக்கள், லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட்டை ஒரு சுற்றுச் சுற்றாமல் திரும்புவதில்லை. சேலை, பித்தளைச் சாமான், கூடவே சுக்கு, திப்பிலி, ஓமம். இவை பாட்டி காலத்துச் சரக்கு; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், “பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?” என்று எந்த இலையையும் கசக்கிக் குடிப்பது வேறு சங்கதி. அப்படிப்பட்ட இரண்டு செடிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒன்று கம்ஃப்ரி. சீன நண்பர்கள் ‘காங் ஃபு லி’ என்று சொல்லித் தொட்டியில் வளர்ப்பார்கள். நீண்ட இலை, தொட்டால் சொரசொரக்கும். ஐரோப்பாவில் அடிபட்ட இடத்தில் இதை அரைத்துக் கட்டுவது பழைய வழக்கம். ‘எலும்பு ஒட்டி’ என்றே அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. பிறகு, சாறாகவும் தேநீராகவும் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று உலகமெங்கும் பரவிவிட்டது.

மற்றொன்று அதன் சொந்தக்காரச் செடி, நமக்குத் தெரிந்த தேள்கொடுக்கு. லயத்துக்குப் பின்னால், கால்வாயோரம், குப்பைமேட்டில் தானாக முளைக்கும். பூங்கதிர் தேளின் வால்போல் வளைந்திருக்கும். ஊரில் மூக்குச்சளிப் பழம் என்பார்களே, அந்த நறுவிளியும் இந்த வம்சம்தான். அதன் காயை வட இந்தியாவில் ஊறுகாய் போடுகிறார்கள். ஒரே வம்சம் என்றாலும் குணம் வேறு வேறு.

கம்ஃப்ரியிலும் தேள்கொடுக்கிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது. குடித்தவுடன் வாந்தியோ மயக்கமோ வந்தால் மனிதன் பயந்து நிறுத்திவிடுவான். இது அப்படியல்ல. சத்தமில்லாமல் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். வயிறு நீர்கோத்து உப்பிய பிறகுதான் தெரியவரும். 1970களில் ஆப்கானிஸ்தானில், மழை பொய்த்த காலத்தில், தேள்கொடுக்கின் இனத்துச் செடியின் விதை கோதுமையில் கலந்துவிட்டது. அந்த ரொட்டியைத் தின்ற கிராமங்களில் 7,200 பேரைச் சோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் ஈரல் நோய்! 2001இல் அமெரிக்க அரசு, உள்ளுக்குச் சாப்பிடும் சத்துப் பொருள்களில் கம்ஃப்ரியைச் சேர்க்க வேண்டாம் என்று வியாபாரிகளுக்கு எழுதியது.

அப்படியானால் இந்தச் செடிகளைப் பூண்டோடு அழிக்க வேண்டுமா? வேண்டாம். தேள்கொடுக்கு வாடிக் கிடக்கும் இடத்தில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எருக்கஞ்செடியில் முட்டையிடும் இனமும் அதன் உறவுகளும்தான் அவை, பெரும்பாலும் ஆண்பூச்சிகள். நமக்கு நஞ்சான அதே சரக்கை உறிஞ்சித்தான் பெட்டையைக் கவரும் வாசனையை அவை உண்டாக்குகின்றன. உடம்பில் நஞ்சு ஏறியதால் பறவையும் அவற்றைத் தின்னாமல் துப்பிவிடும். இந்தப் பூச்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பினாங்கு தெலுக் பகாங்கில் 1986இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பண்ணை இன்று ‘என்டோபியா’ என்ற பெயரில் நடக்கிறது. காசு செலவில்லாமல் பார்க்க வேண்டுமானால், மருந்து அடிக்கும்போது வேலியோரம் ஒரு குத்துத் தேள்கொடுக்கை விட்டு வையுங்கள், போதும்.

கம்ஃப்ரி இலையும் வீண் அல்ல. வாளித் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கலந்து ஊற்றினால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல உரம். நாற்றம் மட்டும் தாங்க வேண்டும்!

ஆகவே, இவற்றின் சாற்றையோ கஷாயத்தையோ யாரும் குடிக்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், சிறுபிள்ளைகளும் தொடவே கூடாது. வெட்டுக்காயத்தில், புண்ணில் அரைத்துக் கட்டாதீர்கள். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது தேள்கொடுக்கு கலக்காமல் பாருங்கள். மாட்டின் ஈரலும் ஈரல்தானே! ஏற்கெனவே குடித்துவந்தவர்கள் இன்றே நிறுத்துங்கள். கண் மஞ்சளித்தாலோ வயிறு உப்பினாலோ, மந்திரித்துக் கொண்டு நாளைக் கடத்தாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். என்ன இலை குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், நோய் எதனால் வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?