கப்பலேறிய சரக்கு - 9: முடுக்காமல் விட்ட நட்டு

1924-ல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான ஹேக் விதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். சரக்குக்காரருக்கும் கப்பல்காரருக்கும் நடுவே செய்துவைத்த சமரசம் அது. நடுக்கடலில் மாலுமிகள் கப்பலைத் தவறாகச் செலுத்திச் சரக்கு போனால் கப்பல்காரர் தப்பிக்கலாம். ஆனால், புறப்படும் முன் கப்பலைக் கடலுக்குத் தகுதியாக்க ‘உரிய கவனம்’ எடுத்திருக்க வேண்டும். இந்தியாவும் 1925-ல் இதையே சட்டமாக்கியது.

அந்தக் கவனம் யாருடைய கவனம்? முதலாளியுடையது மட்டுமா, அவர் அமர்த்திய பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பவருடையதும் சேர்த்தா?

‘மன்காஸ்டர் காசில்’ என்ற கப்பலின் வழக்கு இதற்கு விடை சொன்னது.

1953-ல் கிளாஸ்கோவில் அந்தக் கப்பலைச் சோதித்தார்கள். கப்பலிலிருந்து தண்ணீர் வடியும் குழாய்களில் புயல் வால்வுகள் இருக்கும். உள்ளிருக்கும் நீரை வெளியே விடும். கடல் நீரை உள்ளே விடாது. மூடிகளைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தார் சர்வேயர், குறையில்லை. மூடிகளைத் திரும்பப் பொருத்திய பட்டறை ஃபிட்டர், நட்டுகளை இறுக முடுக்காமல் விட்டுவிட்டார். வெளியே பார்த்தால் தெரியாத பிழை.

கப்பல் ஆஸ்திரேலியா சென்று, சிட்னியில் மாட்டு நாக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பியது. வழியில் கடல் குலுக்கிய குலுக்கலில் நட்டுகள் தளர்ந்தன. கடல் நீர் சரக்கறைக்குள் புகுந்தது. லண்டனில் இறக்கும்போது பல பெட்டிகள் நனைந்து கெட்டிருந்தன.

“பேர்பெற்ற பட்டறையிடம்தான் கொடுத்தோம். இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?” என்பதுதான் கப்பல்காரர் வாதத்தின் சாரம். முதல் இரண்டு நீதிமன்றங்களும் அதை ஏற்றன. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை அதை மாற்றி எழுதியது. வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பொறுப்பு கப்பல்காரரிடமே இருக்கும் என்றது. ஃபிட்டரின் அலட்சியம் கப்பல்காரரின் அலட்சியமாகவே கணக்கானது.

இந்தத் தீர்ப்பைக் கடுமையானது என்பவர்கள் உண்டு. எனக்கு முழு நியாயமாகவே படுகிறது. பட்டறையைத் தேர்ந்தெடுத்தவர் கப்பல்காரர். கூலி பேசியவரும் அவரே. நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தைக் காட்டிப் பட்டறையிடம் அவர் கேட்கலாம். சரக்குக்காரருக்கு அந்தப் பட்டறை இருப்பதே தெரியாது. தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றும் சிறு ஏற்றுமதியாளர் பலர், தங்கள் சரக்கு போகும் கப்பலைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பில் ஆஃப் லேடிங் என்ற தாளை நம்பிப் பொருளை ஒப்படைக்கிறவருக்கு, கேள்வி கேட்க ஒரு முகவரியாவது வேண்டும்.

அந்த உரிமைக்குக் கெடுவும் உண்டு. சரக்கு கைக்கு வந்த, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கின்றன ஹேக் விதிகள். பேச்சுவார்த்தையிலேயே காலத்தைக் கடத்திவிட்டால், எவ்வளவு நியாயமான கோரிக்கையும் செல்லாது.

சரி, வழக்கில் வென்றால் முழுத்தொகையும் கிடைக்குமா? ஒரு பெட்டிக்கு இவ்வளவுதான் என்று ஹேக் விதிகள் வரம்பு கட்டுகின்றன: 100 பவுண்டு. அப்படியானால், ஆயிரம் அட்டைப்பெட்டிகள் அடைத்த கன்டெய்னர் ஒரு பெட்டியா, ஆயிரம் பெட்டியா?

(அடுத்த வாரம் எண்ணுவோம்)