கடற்காற்றில் ஓவர்கிளாக்கிங்: சூடு, ஈரம், வாரன்டி

கணினியின் புராசஸரை, தயாரிப்பு நிறுவனம் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். இன்டெல்லில் பெயரின் இறுதியில் ‘கே’ உள்ள புராசஸரும் இசட் வரிசை மதர்போர்டும் இருந்தால் இது இயலும். ஏஎம்டியின் பெரும்பாலான ரைசன் புராசஸர்களும் இதற்கு இடம் தருகின்றன. இதற்குச் சட்டத்தில் தடை இல்லை; ஆனால் இதனால் வரும் சேதம் வாங்கியவர் தலையில்தான் விழும். வெக்கையும் உப்புக்காற்றும் நிறைந்த அந்தமான் நிகோபார் தீவுகளில் அந்தச் சேதத்துக்கான வாய்ப்பு அதிகம்.

சூடு ஏறும் கணக்கு

புராசஸர் செலவிடும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் உயர்கிறது. வேகத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் சூடும் ஏறத்தாழ அதே அளவு கூடும். மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினால் உயர்வு சுமார் 33 சதவீதம். ஆகவே அஞ்ச வேண்டியது மின்னழுத்தத்துக்கே.

இன்டெல்லின் பல டெஸ்க்டாப் புராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ், ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரி என்பது உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் புராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மீறினால் கணினி அணைந்துவிடும். உடனே எரிந்துபோகாது என்றாலும், அதிக மின்னழுத்தமும் சூடும் நீடித்தால் உள்சுற்றுகள் மெல்ல மெல்லத் தேயும். மதர்போர்டின் தானியங்கி அமைப்பை நம்பிவிடவும் முடியாது. 2023இல் சில ரைசன் 7000 புராசஸர்கள் மிகை மின்னழுத்தத்தால் கருகியபோது, எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என ஏஎம்டி வரம்பு விதித்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் புராசஸர்களிலும் மிகை மின்னழுத்தக் கோளாறு தெரியவர, 2024இல் அந்நிறுவனம் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. இத்தகைய திருத்தங்கள் மதர்போர்டின் பயாஸ் வழியே வருவதால், அதைப் புதுப்பிப்பதே முதல் வேலை.

தீவுகளின் நிலைமை

ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, அறைக் காற்றைவிடப் புராசஸரைக் குளிரவைக்காது. 22 டிகிரி ஏசி அறையில் 75 டிகிரி காட்டும் புராசஸர், 32 டிகிரி அறையில் 85ஐ ஒட்டிக் காட்டும். ஆகவே ஏசியை அணைத்துவிட்டு, நண்பகல் வெக்கையில் எடுக்கும் அளவே நம்பத்தக்கது.

30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எதன்மீதும் நீராகப் படியும். பனிக்கட்டி, குளிரூட்டிய நீர், பெல்டியர் கூலர் போன்றவை இங்கே ஆகாது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த கணினியையும் சற்றுநேரம் கழித்தே இயக்க வேண்டும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் நீரை உறிஞ்சிக் கரையும். போர்டில் படிந்த உப்பு இப்படி மின்கடத்தியாகி, இணைப்புகளை அரிக்கும். கேபினட்டைக் கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளிவைத்து, காற்று நுழையும் பக்கம் ஃபில்டர் பொருத்தி, உலர்ந்த பிரஷ்ஷால் அடிக்கடி துடைப்பது நல்லது.

மெயின்லாந்து கிரிட் இங்கே எட்டவில்லை. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர் மின்சாரம்தான். பயாஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டே முடங்கலாம், யுபிஎஸ் அவசியம்.

படிப்படியாக

முதலில் புராசஸரைப் பெட்டியில் வந்த வேகத்திலேயே ஓட்டி, சினிபெஞ்ச் சோதனையின்போது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டும் வெப்பத்தைப் படம்பிடித்து வைக்க வேண்டும். அப்போதே 90ஐத் தொட்டால் ஓவர்கிளாக்கிங் எண்ணத்தை விட்டுவிட்டு, கூலர் சரியாக அமர்ந்துள்ளதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதே முறை. பிறகு மின்னழுத்தத்தைத் தொடாமல், 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரமாவது சோதிக்கலாம். முழுச்சுமையில் 85 டிகிரிக்குள் நிறுத்துவது தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பு. கணினி உறைந்தாலோ தானே ரீஸ்டார்ட் ஆனாலோ ஒருபடி இறங்க வேண்டும். ஸ்கிரீன் வராவிட்டால் சிமாஸை கிளியர் செய்தால் பழைய நிலை திரும்பும்.

வாரன்டியும் தீர்வும்

ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டியின் வாரன்டி பொருந்தாது. இன்டெல்லிலும் வாரன்டி பறிபோகலாம். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளும் ஓவர்கிளாக்கிங்கில் சேரும். ஆனால் இயல்பு வேகத்திலேயே பழுதாகும் புராசஸருக்கு மாற்றோ பணமோ கேட்பது வாங்கியவரின் உரிமை. தொடக்கத்தில் எடுத்த படம், பில், வரிசை எண், பார்சல் பிரித்த காணொளி ஆகியவை அதற்குச் சான்று. ஓவர்கிளாக் செய்ததை மறைத்துக் கேட்டால், அது பின்னர் எதிராகத் திரும்பும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதில் பலன் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் சென்னையிலோ கொல்கத்தாவிலோ இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காணொளி வழி விசாரணை கோரவும் சட்டத்தில் இடமுண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.