குதிகால் வலியா? ஓய்வு மட்டும் போதாது

காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது முதல் நாலு எட்டு வைக்க முடியாமல் குதிகாலுக்கு மேலே விண்ணென்று இழுக்கும். நடக்க நடக்கக் குறைந்துவிடும். வேலை முடிந்து, உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் வலிக்கும். "நரம்பு புடிச்சிக்கிச்சு" என்று நம்மவர்கள் சொல்வது பல சமயம் இதைத்தான்.

உண்மையில் இது நரம்பு அல்ல. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த கயிறு. தசைநாண் என்று பெயர். உடம்பிலேயே மிகப் பலமான நாண் இது. மேடு ஏறும்போதும், செம்பனைக் குலை ஏற்றிய வண்டியைத் தள்ளும்போதும் நம் எடைக்கு மேலான பாரத்தை இது தாங்குகிறது. நீண்ட லீவுக்குப் பிறகு திடீரென்று முழு வேலை, பழக்கமில்லாத மேட்டு நிரை என்று பாரம் சட்டென்று கூடும்போது நாண் கெடுகிறது. குதிகாலுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே தொட்டால் வலிக்கும். சிலருக்கு அந்த இடம் தடித்தும் இருக்கும்.

தைலம் போட்டு அழுத்தி உருவினால் சரியாகாது. ஒரு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு, வலி போனதும் பழைய வேகத்தில் வேலைக்குப் போவதும் தவறு. படுத்துக் கிடந்தால் நாண் இன்னும் பலவீனப்படும். அளவாகப் பாரம் கொடுத்தால்தான் அது பலப்படும். 1998-இல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹாக்கன் அல்ஃப்ரெட்சன் நாட்பட்ட வலியுள்ள 15 பேருக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். அந்த 15 பேரும் மறுபடியும் ஓடினார்கள்.

வீட்டிலேயே செய்யும் முறை இது:

1. முதல் வாரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால் விரல்களிலும் எம்பி நின்று, 45 விநாடி அப்படியே இருங்கள். இப்படி ஐந்து தடவை, நடுவில் இளைப்பாறி.

2. அடுத்த வாரம்: இரண்டு காலாலும் மெதுவாக எம்பி, மெதுவாக இறங்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று.

3. அதன் பிறகு: வாசற்படியின் ஓரத்தில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். இரண்டு காலாலும் எம்புங்கள். நல்ல காலை எடுத்துவிட்டு, வலியுள்ள கால் மட்டும் பாரம் தாங்க, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று. சற்று மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். சுலபமாகிவிட்டால் முதுகுப் பையில் தண்ணீர் போத்தல்களைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் படி வேண்டாம், சமதரையில் செய்யுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீர்கள். பத்துக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது. மறுநாள் காலையில் கூடியிருக்கவும் கூடாது. கூடினால் ஒரு படி பின்னால் போங்கள். சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆறுவது தாமதம். இந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், அறுந்துபோகும் அபாயம் உண்டு.

இதை மட்டும் மறக்காதீர்கள்: பின்னாலிருந்து யாரோ அடித்தது போல 'டப்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு அந்தக் கால் விரலில் எம்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அரிவாளோ உளியோ அந்த இடத்தில் வெட்டினாலும் அப்படித்தான். "நடக்க முடியுதே" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுந்த காலுக்கு இந்தப் பயிற்சி ஆகாது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாகச் சிவந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

கூலி போய்விடுமே என்று வலியை மறைத்து வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. வேலையில் அடிபட்டால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை விபத்துக்கு நாலு நாளோ அதற்கு மேலோ எம்.சி. கிடைத்தால் தற்காலிக முடக்க உதவித்தொகை கேட்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. எம்.சி. கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். மேட்டு வேலைக்குப் பதில் சில வாரம் இலகு வேலை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். பாரம் எழுத யோசித்தால் உங்கள் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.